பாறைப் பிளவில் பூக்கும் கேர்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிறது. மேற்கு ராஜஸ்தானில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. புல் பொடிந்து மணலோடு மணலாகிவிட்டது. மழைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. மற்ற செடிகள் எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில், ஒரு முட்புதர் மட்டும் பூத்துத் தள்ளுகிறது. இலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பின்னிக்கிடக்கும் பச்சைக் குச்சிகள், கணுவுக்குக் கணு ஜோடி ஜோடியாக வளைந்த முள், முள்ளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் செங்கல் நிறப் பூ. அதன் பெயர் கேர்.

தார் பாலைவனத்துக்காரர்களுக்கு இது அறிமுகம் தேவையில்லாத செடி. மதுரா, பிருந்தாவனம் பக்கம் போனால் இதையே கரீல் என்பார்கள். கண்ணன் விளையாடிய காடு என்று சொல்லப்படுவதிலும் இந்த முட்புதர் உண்டு. தாவரவியலில் கப்பாரிஸ் டெசிடுவா. வடமொழி நூல்களில் கரீரம். பர்த்ருஹரியின் நீதி சதகத்தில்கூட, வசந்தம் வந்தும் இலை விடாத செடி என்று, தலைவிதிக்கு உதாரணமாக இது வருகிறது. எனக்கு அந்த உதாரணத்தில் உடன்பாடு இல்லை. இலை இல்லாதது இந்தச் செடியின் குறை அல்ல. பிழைக்கும் வழியே அதுதான்.

இளந்தளிரில் மட்டும் விரல்நகம் அளவுக்குச் சின்ன இலை வரும். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு இலை செய்ய வேண்டிய வேலையெல்லாம் தண்டின் வேலை. குச்சி பச்சையாக இருப்பதன் காரணம் அதுதான்: உணவு அங்கேதான் தயாராகிறது. இலை வழியாக ஆவியாகிப் போகும் தண்ணீர் மிச்சம். குச்சியின் மேல் மெழுகுப் பூச்சு. கீழே ஆணிவேர் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும் வரை விடாமல் இறங்குகிறது. மேலே ஆளுயரம் இருக்கும் புதருக்கு மண்ணுக்கடியில் அதைவிடப் பெரிய செடி ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் பூக்கும் துணிச்சல் அந்த வேர் கொடுப்பது.

இத்தனை அழகும் இத்தனை உறுதியும் உள்ள செடி, ஜோத்பூரிலும் ஜெய்சால்மரிலும் தோட்டத்துக்குள் அபூர்வமாகத்தான் வருகிறது. ஊருக்கு வெளியே தரிசில், ஒரண் எனப்படும் கோயில் காடுகளில், வேலி ஓரத்தில் அது நிற்கும். சுவருக்குள்ளே புல்தரையும் போகன்வில்லாவும் தினமும் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஜோத்பூரின் ஆண்டு மழை ஏறக்குறைய 360 மில்லிமீட்டர். ஜெய்சால்மரில் அதில் பாதிதான். அந்த மண்ணில் புல்தரை வளர்ப்பது நிலத்தடி நீரைத் தினமும் வெயிலில் கொட்டி உலர்த்துவதற்குச் சமம்.

இதை மாற்றிக் காட்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஜோத்பூரில், 1459-ல் மன்னர் ராவ் ஜோதா அடிக்கல் நாட்டிய மெஹ்ரான்கர் கோட்டையின் காலடியில், சுமார் 70 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் பாறைக்காடு. அவர் பெயரிலேயே ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான ரையோலைட் பாறை அது; வயது 70 கோடி ஆண்டுக்கு மேல். உளியே வழுக்கும் அந்தப் பாறையின் வெடிப்புகளில் சீமைக்கருவேலம் புகுந்து மொத்த இடத்தையும் பிடித்திருந்தது.

ஆம், நம் ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் விருதுநகரையும் பிடித்த அதே சீமைக்கருவேலம். மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பாலைவனத்தைப் பசுமையாக்கும் ஆசையில் 1930-களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்து இதன் விதையைத் தூவச் செய்தார் என்று அங்கே சொல்கிறார்கள். பச்சை வந்தது. ஆனால் அது நின்ற இடத்தில் கேர் போயிற்று, தோர் எனப்படும் கள்ளி போயிற்று, கூமட் மரம் போயிற்று, புல் போயிற்று.

2006-ல் மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளை அந்த நிலத்தை மீட்கும் பொறுப்பைப் பிரதீப் கிருஷனிடம் ஒப்படைத்தது. சினிமா இயக்குநராக இருந்து மரங்களின் பக்கம் வந்தவர். டெல்லியின் மரங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகமும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது. தரைக்குச் சற்றுக் கீழே, வேர் தொடங்கும் இடத்தில் அதன் மொட்டுகள் உறங்குகின்றன. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே எத்தனை தடவை வெட்டினாலும் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். நம் கண்மாய்களில் இயந்திரம் வைத்து வாரிய இடமெல்லாம் மறுவருடமே பச்சையானது இதனால்தான். மண்ணிலாவது தோண்டி எடுக்கலாம். பாறைக்குள் இறங்கிய வேரை என்ன செய்வது?

அங்கேதான் கண்ட்வாலியாக்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஜோத்பூரின் மணற்கல்லை வெட்டி எடுக்கும் கல் தொழிலாளர்கள். கையில் சுத்தியல், உளி. பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். வரும் ஓசையை வைத்தே உள்ளே எங்கே கெட்டி, எங்கே வெடிப்பு, எந்தப் பக்கம் உளி வைத்தால் கல் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். வேர் போன வெடிப்பைப் பிடித்து, முழ ஆழத்துக்குப் பாறையைச் செதுக்கி, மரத்தை அடியோடு பெயர்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இப்படி. எந்தப் பொறியியல் படிப்பும் கற்றுத்தராத வித்தை இது. அந்தப் பூங்காவைப் பற்றி எழுதும்போது முதல் மரியாதை இவர்களுக்குத்தான் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மரம் போன இடத்தில் குழி மிஞ்சியது. அந்தக் குழிகள்தான் தோட்டமாயின. சீமைக்கருவேலம் வேர் விட்டது என்றாலே அங்கே பாறை பிளந்திருக்கிறது, ஈரம் இறங்குகிறது என்று அர்த்தம். எதிரி காட்டிக் கொடுத்த அந்த இடங்களில் பாலைவனத்தின் சொந்தச் செடிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். தார் முழுக்கச் சுற்றி, பாறையில் பிழைக்கும் செடிகள் எவை என்று பார்த்து, விதை சேகரித்து, நாற்றங்கால் போட்டு வளர்த்த கன்றுகள் அவை. 2011-ல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று கோட்டை மதிலுக்குக் கீழே நடந்தால், கேர் புதரில் ஊதாத் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடிப்பதைப் பார்க்கலாம்.

பக்கத்தில் போய் ஒரு பூவைப் பாருங்கள். காசு அகலம்தான் இருக்கும். இதழ்கள் நான்கு, நான்கும் ஒரே அளவில் இல்லை. அவற்றைத் தாண்டி மகரந்தக் கம்பிகள் கத்தையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேன்சிட்டு அலகை நுழைத்தால் நெற்றியில் மகரந்தம் ஒட்டாமல் போகாது. புதரின் வெளிப்புறத்தைவிட முள் நெருங்கிய உள்பக்கத்தில் பூ அதிகமாக இருப்பதுபோலத் தோன்றும். குச்சியில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தால், இறக்கையில் கரும்பழுப்பு நரம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பயனியர். அதன் புழுக்கள் கேர் குடும்பத்துச் செடிகளைத் தின்றே வளரும். புல்தரையில் இவற்றில் எதுவும் நடக்காது.

வீட்டுத் தோட்டத்தில் கேர் வளர்ப்பது கஷ்டம் இல்லை, பொறுமை வேண்டும். வைகாசி, ஆனி வாக்கில் பழம் பழுத்துச் சிவக்கும். பறித்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவி, விதையை நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். இந்த விதை நாள்பட நாள்பட முளைப்புத் திறனை இழந்துவிடும். போன வருடத்து விதையை நம்பிப் பயனில்லை. பெரிய புதரைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளையும் பிரித்து நடலாம். அதில் சில பிழைக்கும், சில பிழைக்காது.

நாற்று வளர்க்கும் பை உயரமானதாக இருக்கட்டும். மேலே இரண்டு இலை தெரியும்போதே கீழே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டிருக்கும். குட்டைப் பையில் அது சுருண்டுகொள்ளும்; சுருண்ட வேரோடு நட்ட கன்று ஆயுசுக்கும் தேறாது. மண்ணில் மணல் பங்கு தூக்கலாக இருக்க வேண்டும். தொழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

நடுவதற்கு முதல் மழைதான் நேரம். நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பாருங்கள். சரிவான நிலமென்றால் கன்றுக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சின்னக் கரை போட்டால், ஓடிவரும் மழைநீர் அதில் தங்கி இறங்கும். அடியைச் சுற்றிக் கல் பரப்பி வைத்தால் வேர்ப்பகுதி சூடாகாது, ஈரமும் சீக்கிரம் போகாது. முதல் கோடையில் வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை, ஒரு வாளித் தண்ணீரை நிதானமாக ஊற்றி ஆழத்துக்கு இறங்க விட வேண்டும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது தப்பு. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே தங்கிப் பழகிவிடும். பிறகு நீங்கள் ஊருக்குப் போன ஒரு வாரத்தில் செடி செத்துவிடும். இரண்டாம் கோடையில் மாதம் ஒருமுறை போதும். அதற்கப்புறம் குழாயை மூடிவிடலாம்.

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். முதல் இரண்டு வருடம் செடி அப்படியே நிற்பதுபோல் இருக்கும். வளரவில்லையே என்று உரம் வைப்பார்கள், தண்ணீரைக் கூட்டுவார்கள், கடைசியில் பிடுங்கிவிட்டுப் போகன்வில்லா வைப்பார்கள். செடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பக்கமாக. குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆடு, ஒட்டகம் வாய் வைக்காமல் இருக்க இரண்டு வருடம் வேலி வேண்டும். பிறகு அதுவே வேலியாகிவிடும். குழந்தைகள் ஓடும் நடைபாதையிலிருந்து மட்டும் தள்ளி நடுங்கள், முள் பொல்லாதது. பக்கக் கன்றுகள் விட்டுப் பரவும் செடி என்பதால் சுற்றிலும் ஆறேழு அடி இடம் கொடுக்க வேண்டும். களிமண்ணில், நீர் தேங்கும் பள்ளத்தில் வைக்கவே கூடாது.

பூ முடிந்தால் காய். சுண்டைக்காய் அளவில், பச்சையாக, கடித்தால் நாக்கு சுருங்கும் கசப்பும் காரமும். ராஜஸ்தான் வீடுகளில் இதை உப்புத் தண்ணீரிலோ மோரிலோ சில நாள் ஊறப்போட்டுக் கசப்பைப் போக்கி வெயிலில் காயவைக்கிறார்கள். கேஜ்ரி மரத்தின் காயான சாங்ரியோடு சேர்த்துச் சமைத்தால் கேர் சாங்ரி. காய்கறி கிடைக்காத பஞ்ச காலத்தில் உயிர் காத்த கறி, இன்று கல்யாணப் பந்தியில் பெருமைக்குப் பரிமாறப்படுகிறது. சந்தையில் காய் எவ்வளவு சிறிதோ அவ்வளவு விலை.

மோரில் ஊறவைத்துக் காயவைக்கும் இந்தப் பக்குவம் நமக்குப் புதிதல்ல. நம் ஊர் ஆதண்டங்காய் வற்றல் போடும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ஆதண்டையும் கப்பாரிஸ் இனம்தான். கேருக்கு நெருங்கிய சொந்தம். வெள்ளையாகப் பூத்து இளஞ்சிவப்பாக மாறும் அதன் பூவை நம் வேலிகளில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அரசு சொல்லியிருக்கிறது, ஊர் ஊராக அகற்றியும் வருகிறார்கள். அகற்றிய இடத்தை வெறுமையாக விடுவதுதான் பிரச்சினை. மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையில் முளைத்துவிடும். ஜோத்பூரில் மரம் எடுத்த குழியைச் சும்மா விடவில்லை. அதில் அந்த மண்ணின் செடியை வைத்தார்கள். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் கேரைக் கொண்டுவந்து நட வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு உரிய ஆவாரை, காரை, சூரை, இசங்கு, ஆதண்டை எல்லாம் இருக்கின்றன. தாருக்கும் நம் வறண்ட கடலோரத்துக்கும் பொதுவான உகாய் மரமும் இருக்கிறது.

உங்கள் ஊரில் சீமைக்கருவேலம் எடுக்கிறார்கள் என்றால், வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த குழியை மூடவிடாமல் வையுங்கள். இந்தச் செடிகளின் கன்று நாற்றங்காலில் கிடைக்காவிட்டால் கோயில் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் விதை பொறுக்கி வளருங்கள். புரட்டாசிக்குள் கன்று தயாராக இருந்தால், ஐப்பசி மழையில் நட்டுவிடலாம்.