அவன் யாரைத் திரும்பிப் பார்த்தான்?

வகுப்பறைக்குள் ஒரு வரைபடம் – 6

1993. ஆம்பூர் அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் ஒருவனுடைய அப்பாவுக்கு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. முடி கழன்று வருவதற்காகப் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, புரட்டி, வெளியே எடுக்க வேண்டும். அந்த வாடை எத்தனை முறை குளித்தாலும் போகாது. வீட்டுக் கொடியில் காயும் துணிமணி எல்லாவற்றிலும் ஏறிவிடும். அவன் வெள்ளைச் சட்டையிலும் ஏறியிருந்தது.

காலையில் அவன் உள்ளே வந்ததும் பக்கத்து பெஞ்சுக்காரன் மூக்கைப் பொத்துவான். பொத்துவதற்கு முன்பு, ஒரு கணம், மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பான். அங்கேதான் எங்கள் கிரிக்கெட் டீம் கேப்டன் உட்கார்ந்திருப்பான். கேப்டனின் உதடு லேசாக விரிந்தால் போதும், மொத்த வகுப்பும் சிரிக்கும். நானும் சிரித்தேன். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவனும் தோல் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் ‘தோல் நாத்தம்’ என்று ஒருவனைச் சொல்வது வெறும் வாடையைப் பற்றிய பேச்சு கிடையாது. தோலைத் தொட்டு வேலை செய்பவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். சாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்ல வழி கிடைத்தது எங்களுக்கு. பதினான்கு வயதில் அது எங்களுக்குத் தெரியாது என்று இன்று சொன்னால் பொய்.

அந்த ஒரு கணத் திரும்பிப் பார்த்தலைத்தான் ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். 1932இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஜேகப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டு, பெயர்களுக்கு இடையே கோடு போட்டுப் பார்த்தார். ஓடிப்போனவர்கள் அந்தக் கோடுகளால் ஒருவரோடு ஒருவர் பிணைந்திருந்தார்கள். நட்பை வரைபடமாக வரையும் வேலை அங்கிருந்து வளர்ந்தது.

பள்ளிச் சீண்டலை முறையாக ஆராய்ந்த முன்னோடி நார்வேயின் டான் ஓல்வியஸ். ஆனால் எங்கள் வகுப்பை எனக்கு விளங்கவைத்தவர் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 573 பேரை வைத்து அவர் குழுவினர் செய்த ஆய்வு 1996இல் வெளியானது. சீண்டுபவன், சீண்டப்படுபவன் என்று இரண்டு பேரோடு கதை முடிவதில்லை என்று அது காட்டியது. கூடச் சேர்ந்து கை வைப்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், குறுக்கே வந்து தடுப்பவர்கள் என்று மேலும் நான்கு வகை. என் இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கவில்லை. சிரித்து ஏற்றிவிட்டவன் நான்.

இந்த அறிவு நம் பள்ளிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. புகார் வந்தால் இங்கே செய்வது இரண்டு: அடித்தவனுக்கு டி.சி. மிரட்டல், அடிபட்டவனிடம் ‘அம்மாவைக் கூட்டிட்டு வா’. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் அம்மா ஷூ கம்பெனியில் இருப்பார். விடிந்ததும் கம்பெனி வண்டி கிராமத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினை விட்டு அரை நாள் எழுந்து வந்தால் அந்தக் கூலி போச்சு. பிள்ளைக்கு இது தெரியும். அதனால் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்று கேட்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவன், ஆசிரியர்களிடம் சொன்ன பிறகு நடந்தது அது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கலர் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். எல்லாம் தேவையானவைதான். நல அலுவலர் மட்டும் வந்தாலே, கூலியை இழக்காமல் ஒரு பிள்ளை பேச ஒரு வாசல் கிடைக்கும்.

கயிறு என்றதும் இன்னொரு கயிறு ஞாபகத்துக்கு வருகிறது. 2012-13இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் எலிசபெத் பலக் குழுவினர் 56 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். 24,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். யாரோடு நேரம் செலவிடுகிறாய், பத்துப் பெயர் வரை எழுது என்றார்கள். எழுதிய தாள்களிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் நட்பு வரைபடம் கிடைத்தது. பிறகு பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு குழுவை, ஏறக்குறைய சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல், தேர்ந்தெடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று பெரியவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பிரச்சினை எது, எப்படிச் சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். யாராவது சண்டையை விலக்கிவிட்டாலோ, தனியாக நின்றவனோடு போய் நின்றாலோ, ஒரு ஆரஞ்சு நிறக் கைப்பட்டையைக் கொடுத்தார்கள்.

ஓராண்டில் அந்தப் பள்ளிகளில் பதிவான சண்டைச் சச்சரவுகள் கால் பங்கு அளவுக்காவது குறைந்தன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தக் குழுவில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் பிள்ளைகள் அதிகம் இருந்தார்களோ, அங்கே பலன் கூடுதல். நல்ல மார்க் எடுக்கிறவர்களோ, ஆசிரியருக்குப் பிடித்த கிளாஸ் லீடரோ எல்லா இடத்திலும் அந்தப் பிள்ளைகளாக இருப்பதில்லை. ஒவ்வொரு செட்டிலும் ஒருவன் இருப்பான், ஒருத்தி இருப்பாள். அவர்கள் யார் என்று ஸ்டாஃப் ரூமுக்குத் தெரியாது. கடைசி பெஞ்சுக்குத் தெரியும். இங்கே கையில் கட்டிய நிறம் எந்தச் சாதி என்று சொன்னது. அங்கே கையில் கட்டிய நிறம் நீ யாருக்காக நின்றாய் என்று சொன்னது.

இந்தத் தொடருக்காகப் போன மாதம் எங்கள் பழைய கேப்டனைத் தேடிப் போனேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். பிள்ளைகள் இரண்டு பேர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுக் கைப்பட்டைக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூக்கைப் பொத்தறதுக்கு முன்னாடி என்னைத்தான் பார்ப்பான்னு எனக்கு அப்பவே தெரியும்டா,” என்றான்.