ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்... பாத்ரூமில் இந்தக் கூட்டணி வேண்டவே வேண்டாம்!

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறீர்களா? மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகிவிடும். 'அய்யய்யோ'னு பதறாதீங்க, நல்லா அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே கதைதான். சோப்பும் சுண்ணாம்பும் காரம். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும். ஸ்கூல் லேபில் லிட்மஸ் தாள் பார்த்த வேலையை, கிச்சனில் மஞ்சள் தூள் பார்க்கிறது.

தண்ணீரில் கலந்ததும் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுப்பது அமிலம். அதைப் பிடித்துக்கொள்வது காரம். இதை அளக்கத்தான் பிஹெச். 1909-ல் சோரன்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானி, கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்தபோது கொண்டுவந்த அளவு இது (ஆமாம், அதே பீர் கம்பெனிதான்!). 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். இதில் ஒரு எண் இறங்கினாலே அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட் 1-க்கும் கீழே.

சரி, பாத்ரூமுக்கு வருவோம். ஆசிட் ஊற்றியும் கறை போகவில்லை என்றால், அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறோம். 'ரெண்டும் ஸ்ட்ராங், சேர்ந்தா டபுள் ஸ்ட்ராங்' என்ற கணக்கு. நானும் அப்படிப் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க இருமியவள்தான்.

பிளீச்சில் இருப்பது ஹைப்போகுளோரைட். சுற்றிலும் காரம் இருக்கும்வரைதான் அது சமத்தாக இருக்கும். ஆசிட் பட்டதும் குளோரின் வாயுவாகக் கிளம்பிவிடும். முதல் உலகப்போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகரை ஒட்டிய போர்முனையில் ஜெர்மன் ராணுவம் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கண், மூக்கு, நுரையீரலின் ஈரத்தில் கரைந்து, அங்கேயே அமிலமாக மாறிப் புண்ணாக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்க்கும்போது நம்ம மூக்கு எங்கே இருக்கும்? அங்கேதான்!

ரீல்ஸில் வரும் வினிகர் - பேக்கிங் சோடா கலவை ஆபத்தில்லை. ஆனால் நுரை பொங்கி முடிந்ததும் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். கறை சிரிக்கும்.

ஆகவே, ஒரு நாளைக்கு ஏதாவது ஒன்று மட்டும். தப்பித்தவறி கலந்துவிட்டால், அதைக் கழுவிவிடலாம் என்று உள்ளே நிற்காதீங்க. கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துடுங்க, வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு. கையில் ஆசிட் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. 'அமிலத்துக்குக் காரம்' என்று சோடா உப்பைத் தடவாதீங்க. மூச்சுத்திணறலோ கண் எரிச்சலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. போகும்போது இரண்டு பாட்டிலின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கோங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.