கணிப்பொறிக்கும் மராமத்து வேண்டும்

திருவண்ணாமலை வட்டாரத்து விவசாயிக்கு ஏரிக்கரையைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கரையில் நண்டு வளை தென்பட்டால் ஐப்பசி மழைக்கு முன்னரே அதனை அடைத்துவிட வேண்டும் என்பதும், அடைக்காது விட்டால் அவ்வழியே கசியும் நீர் கரையையே கொண்டுபோய்விடும் என்பதும் அவர் நன்கு அறிந்தவை. அதே கவனத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்து மேசைமீதுள்ள கணிப்பொறிக்கும் நாம் செலுத்துதல் வேண்டும்.

வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும், 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பெற்ற 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் ஏற்றும் வரவு செலவும் இன்று அப்பொறியின் வழியே நடைபெறுகின்றன. பொறி நின்றால் கிராமத்தின் காரியமும் நிற்கும்.

திருத்தம் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புக்களை எல்லாம் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை ஏற்பாட்டிற்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. கோடிக்கணக்கான வரிகளில் மனிதர் எழுதியதாதலின், இதில் பிழைகள் இருத்தல் இயல்பு. பிழை தெரியவந்ததும் அதனை அடைக்கும் திருத்தப் பகுதியைத் தயாரித்தவர்களே வெளியிடுகின்றனர். இதனையே 'அப்டேட்' என்கிறோம். விண்டோஸுக்கான திருத்தங்கள் வழக்கமாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். அதுவரை காத்திருக்க இயலாத நிலையில் இடையே வெளிவரும் அவசரத் திருத்தத்தை 'ஹாட்ஃபிக்ஸ்' என்பர். முன்னது ஆண்டுதோறும் செய்யும் மராமத்து. பின்னது உடைப்பு எடுத்த இடத்தில் அன்றிரவே மணல் மூட்டை போடுதல்.

வயநாடு தரும் பாடம்

விண்டோஸின் ஒரு துவாரத்தை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் 14-ஆம் நாள் வெளியிடப்பெற்றது. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின், மே 12-ஆம் நாள், 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் அதே துவாரத்தின் வழியே உலகெங்கும் பரவியது. கோப்புக்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கப்பம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளிற் பணி தடைப்பட்டது. மே 15, திங்கட்கிழமை, அண்டை மாநிலமாகிய கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கணிப்பொறிகள் பூட்டப்பெற்றன. மார்ச் மாதத் திருத்தத்தை ஏற்றியிருந்த பொறிகளில் அத்துவாரத்தின் வழியே அந்நிரலால் நுழைய இயலவில்லை. கிராமத்துப் பொறியை யார் தேடிவரப் போகிறார்கள் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

"அப்டேட் செய்தால் பொறி கெட்டுவிடும்" என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டினால் உலகில் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களிற் கையால் எழுதிய பயணச் சீட்டு வழங்க நேர்ந்தது. ஆயினும், மடை ஒருமுறை பழுதாயிற்று என்பதற்காக நாம் ஏரி மராமத்தைக் கைவிடுவதில்லை. முறையாகச் செய்யக் கற்றுக்கொள்கிறோம்.

எமது அனுபவம் ஒன்றையும் மறைக்காமற் கூறுகிறோம். எமது ஒன்றியத்து ஊராட்சி ஒன்றிற் பல மாதங்களாக 'பிறகு' என்ற பொத்தானையே அழுத்திவந்தனர். சேர்ந்துபோன திருத்தங்கள் கிராம சபைக்கு முதல்நாள் மாலையில் ஏறத் தொடங்கின. பாதியில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை பொறி எழவில்லை. வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைக்க இயலாமற்போனது. கேள்வி கேட்க வந்த விவசாயிகள் விடையின்றித் திரும்பினர். அது செயலரின் குறை மட்டுமன்று. ஆய்வுக்குச் சென்றபோதெல்லாம் பதிவேடுகளைப் பார்த்துப் பொறியைப் பாராது வந்த எமது குறையுமாகும்.

ஏற்றும் முறை

(1) ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களுக்கு முந்திய வாரத்தைத் தவிர்த்து, வேலை குறைந்த நாளைத் தேர்க. கிரிவலப் பாதையை அடுத்த ஊர்களிற் பௌர்ணமியும் தீபத் திருநாளும் ஏற்ற நாட்களல்ல.

(2) கணக்குக் கோப்புக்களை வெளித் தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அத்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுக.

(3) யு.பி.எஸ். கருவி சில நிமிடங்களே தாங்கும். ஆகவே மின்தடை அறிவிக்கப்பெறாத நாளாகப் பார்த்துத் தொடங்குக.

(4) 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' என்பதைத் திறந்து திருத்தங்களை ஏற்றுக. விழுக்காட்டு எண் நெடுநேரம் நகராது நிற்பினும் பொறியை அணைத்துவிடலாகாது.

தடை நேரின்

முதலில் பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குக. அடுத்துத் தேதியைக் காண்க. பழைய பொறிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து தேதி பின்னோக்கிப் போயிருப்பின் திருத்தம் இறங்காது. பின்னர் 'சி' பகுதியில் காலியிடம் உளதா என நோக்குக. பெரிய திருத்தங்களுக்கு 20 ஜி.பி. அளவு இடம் இருத்தல் நன்று. அதன் பிறகும் தடையாயின், திரையில் தோன்றும் பிழை எண்ணையும் 'கே.பி.' என்று தொடங்கும் திருத்த எண்ணையும் குறித்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்திற்குத் தெரிவிக்க. திருத்தம் ஏறியபின் அச்சுப்பொறி முதலியன இயங்காவிடில், 'அப்டேட் ஹிஸ்டரி' பகுதியில் அந்தத் திருத்தத்தை மட்டும் நீக்கலாம். பொறியே எழாவிடினும் கோப்புக்கள் அழிந்தன என்று அஞ்ச வேண்டா; மீட்புத் திரையிலிருந்தும் திருத்தத்தை நீக்க வழியுண்டு. பிரதி எடுக்காமல் வட்டை அழித்துப் புதிதாக எழுத எவரையும் அனுமதிக்கலாகாது.

விண்டோஸ் 10-க்கான பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது. அப்பதிப்பு உள்ள பொறிகளின் பட்டியலை ஒன்றியத்திற்கு அனுப்பி, 11-ஆம் பதிப்பை அவை தாங்குமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

விவசாயிகளின் கைப்பேசிக்கும் இவ்விதி பொருந்தும். திருத்தத்தைக் கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' வழியாகவே பெறுக. பி.எம். கிசான் பெயரிலும் வங்கியின் பெயரிலும் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பு திருத்தமன்று. திருடனுக்குத் திறந்துவிடும் கதவு.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு மராமத்துப் பதிவேடு வைத்து, திருத்தம் ஏற்றிய நாளையும் பிரதி எடுத்த நாளையும் எழுதிவருவதாக. மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இம்மாதத் திருத்தம் ஏற்றியாயிற்றா?" என்று கேட்பாராயின், கிராமத்தின் கணக்கு காக்கப்படும். கரையைக் காப்பவர் ஊரைக் காப்பவர். இக்கரையைக் காப்பதும் நம் கடமையே.