எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள்

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கரிய எண்ணெய் தெற்கே மிதந்து சென்னையின் கரைகளிலெல்லாம் படிந்தது. திருவான்மியூர், நீலாங்கரை வரை அதன் கறை தென்பட்டது. எண்ணூர்ப் பாறைகளிடையே தார் போலத் திரண்டதை மக்கள் வாளிகளால் மொண்டு அகற்றினர். மொண்ட சேற்றை என்ன செய்வது? அதனை நுண்ணுயிர்களிடம் ஒப்படைக்கும் முறை கையாளப்பட்டது. அது எங்ஙனம் இயலும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

எண்ணெயையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் கடலிலும் உள்ளன. ஆனால் அவை வாழ்வது நீரில். எண்ணெயோ நீரோடு ஒட்டாது. ஆகவே எண்ணெய்த் துளியின் மேற்புறத்தை மட்டுமே அவை அணுக முடியும். இவ்விடரைக் கடக்க அவற்றுட் சில தாமே ஒருவகைச் சவர்க்காரத்தைச் சுரக்கின்றன. அதன் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயைப் பற்றும். பிசுக்கேறிய தலையில் சீயக்காய் செய்யும் வேலையும் இதுவே. ஒரு சென்டிமீட்டர்த் துளி ஒரு மில்லிமீட்டர்த் துளிகளாகச் சிதறினால் ஆயிரம் துளிகளாகும். மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். பந்தி பத்து மடங்கு நீண்டால் உண்போர் தொகையும் பெருகுமன்றோ! 1968-இல் ஜப்பானில் அறியப்பட்ட ‘சர்ஃபாக்டின்’ இவ்வகைப் பொருள். ‘பாசில்லஸ் சப்டிலிஸ்’ என்னும் பாக்டீரியா அதனைச் சுரக்கிறது.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதற்குப் பயன் உண்டு. பாறையின் நுண்துளைகளில் சிக்கிய எண்ணெயை வெறும் நீரால் தள்ளிவிட முடியாது. இச்சவர்க்காரம் அதன் பிடியைத் தளர்த்துகிறது.

எனினும் இதனை மந்திரமென்று நம்பிவிடலாகாது. அலைபாயும் கடலில் தூவிய பாக்டீரியா சிதறிப்போகும். கரையில் குழி வெட்டி, சேற்றைப் பரப்பி, ஈரமும் காற்றும் தழைச்சத்தும் குறையாமல் காத்தால்தான் அது வேலை செய்யும். அதற்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வாளியும் மண்வெட்டியும் முதலில், நுண்ணுயிர் பின்னரே.

தாம்பரம் பகுதி மக்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. வண்டிப் பட்டறைகளின் கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால், அது மழைநீரோடு ஏரிகளையும் அடையாற்றையும் சென்றடையும். தோட்டத்தில் டீசல் சிறிது சிந்திய மண்ணை மக்கிய எருவோடு கலந்து, நனைத்து, வாரமொரு முறை கிளறிவந்தால், மண்ணிலுள்ள பாக்டீரியாவே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதுவரை அங்கே கீரை விதைக்க வேண்டாம். எஞ்சின் கழிவெண்ணெய்க்கு இம்முறை போதாது. அதிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களை எந்த நுண்ணுயிரும் அழிக்காது. அதனைப் பீப்பாயில் சேர்த்துவைத்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுத்தல் வேண்டும்.