கீர்த்தனையா, பாமாலையா, வர்ஷிப்பா? ஒரு கிறிஸ்தவப் பாட்டின் பெயருக்குள்ள என்ன இருக்கு?

கிளியனூர் ஸ்டாப்ல புதுச்சேரி பஸ்ஸுக்கு நிற்கிறீங்க. காதுல ஹெட்செட். டிசம்பர் மாசம் என்பதால் யூடியூப் தானாகவே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைக் கொண்டு வந்து நிறுத்துது. தலைப்பைப் பார்த்தா 'கிறிஸ்டியன் சாங்', 'வர்ஷிப்', 'காஸ்பல்', 'டிவோஷனல்' என்று ஒரே பாட்டுக்கு நாலு பெயர். அதே பாட்டை உங்க ஃப்ரெண்டோட பாட்டிகிட்ட போட்டுக் காட்டினா, "இது கீர்த்தனையாச்சே, எங்க கோயில்ல சின்ன வயசுலயே பாடுவோமே" என்பாங்க.

யார் சொல்றது சரி? எல்லாரும் சரிதான். ஏன்னா, தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுக்கு வைக்கிற பெயர் பெரும்பாலும் அதோட ராகத்தையோ தாளத்தையோ மட்டும் சொல்றதில்லை. பாடுறவர் யாரோட சேர்ந்து நிற்கிறார், யாருக்காகப் பாடுறார் என்பதையும் சேர்த்தே சொல்லுது. அந்தப் பெயருக்காக வேலையை இழந்தவர் உண்டு. கச்சேரியை ரத்து செய்தவரும் உண்டு.

முதல்ல பழைய பெயர்கள். ஒரு சி.எஸ்.ஐ கோயிலுக்குள்ள போனா, சுவரில் அன்றைக்குப் பாடப்போற பாட்டு எண்களை மாட்டியிருக்கிற பலகையைப் பார்க்கலாம். அதில் 'பாமாலை' தனி, 'கீர்த்தனை' தனி. பாமாலை என்றால் மேற்கத்திய மெட்டில், ஆர்கன் வாசிப்போட பாடுற மொழிபெயர்ப்புப் பாட்டு. கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம் உள்ள நம்ம ஊர் வடிவம். பழைய பாட்டுப் புத்தகங்களில் ராகமும் தாளமும் தலைப்புக்குக் கீழேயே அச்சாகியிருக்கும். லுத்தரன் சபைக்காரங்க இன்னொரு பெயர் வச்சிருக்காங்க, 'ஞானப்பாட்டு'. அதோட கதை இதே கடற்கரையில்தான் தொடங்குது. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரையோரமா தெற்கே போய்க்கிட்டே இருந்தா தரங்கம்பாடி வரும். 1706-ல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அவரும் அவருக்குப் பின்னால் வந்தவங்களும் ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டோட தமிழாக்கினாங்க. தமிழ் வார்த்தை ஜெர்மன் மெட்டுக்குள்ள நுழையறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று பாடிப் பார்த்தாத்தான் தெரியும். குறில் வர வேண்டிய இடத்தில் நெடில் இழுக்கும், நெடில் வர வேண்டிய இடம் முடிஞ்சே போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் வேதநாயகம் சாஸ்திரியார் வர்றார். 1774-ல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சிறுவனா இருக்கும்போதே ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரியோட தஞ்சாவூருக்கு வந்தவர். அதே ஷ்வார்ட்ஸ்கிட்ட படிச்ச இன்னொரு பையன் பிற்பாடு தஞ்சாவூர் மன்னரான இரண்டாம் சரபோஜி. காலத்தைக் கொஞ்சம் கவனிங்க. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் வாழ்ந்த அதே காலம், அதே காவிரிக் கரை. அந்த ஊர்க் காத்துல இருந்த இசையைத்தான் சாஸ்திரியாரும் எடுத்தார். குறவஞ்சி அப்போ மக்கள் விரும்பிப் பார்த்த நாடக வடிவம். அதை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். நாயகி தேவமோகினிக்கு இயேசு மேல காதல். குறத்தி வந்து குறி சொல்றா. பறவை பிடிக்கிற சிங்கன் இங்கே மனுஷங்களோட ஆன்மாவைப் பிடிக்கிறான். நடுவுல பூமி சூரியனைச் சுற்றுது என்ற கோப்பர்நிக்கஸ் வானியலையும் நுழைச்சிருக்கார். இருநூறு வருஷத்துக்கு முந்தின தமிழ்க் குறவஞ்சிக்குள்ள சூரிய மண்டலம்!

சபை அவருக்குக் கொடுத்த பட்டம் 'சுவிசேடக் கவிராயர்'. 'கவிராயர்' தமிழ்ப் புலவனுக்கான பழைய மரியாதை. 'சுவிசேடம்' புதுசா வந்த மதத்தோட சொல். ரெண்டையும் ஒட்டவச்ச பட்டம். பாட்டோட முடிவில் 'வேதநாயகன்' என்று தன் பெயரையும் கோத்துவிடுவார். கர்னாடக இசையில் இதை முத்திரை என்பாங்க. அந்தப் பெயருக்கே வேதத்தின் தலைவன் என்று பொருள் என்பதால், பாடுறவன் பெயரும் பாடப்படுகிறவர் பெயரும் ஒண்ணாயிடுது. ஜெர்மனியில் பாஹ் தன் இசைக் கையெழுத்துப் பிரதிகளின் கடைசியில் 'கடவுளுக்கே மகிமை' என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் மூன்றைப் போடுவார். அங்கே இசைக்காரன் பின்னால் நகர்ந்து நிற்கிறான், இங்கே பாட்டுக்குள்ளயே வந்து உட்கார்ந்துக்கிறான். எனக்கு நம்ம ஆள் வழிதான் பிடிச்சிருக்கு.

ஆனா கதை இவ்வளவு இனிமையா முடியலை. ஷ்வார்ட்ஸுக்குப் பிறகு வந்த புது மிஷனரிகளோட சாஸ்திரியாருக்கு முட்டிக்கிச்சு. கோயிலில் தமிழ்க் கீர்த்தனையை நிறுத்துறாங்க, பழைய வேத மொழிபெயர்ப்பை மாத்துறாங்க, பண்டிகைக் கொண்டாட்டத்தைக் குறைக்கிறாங்க என்று அவர் சண்டை போட்டார். 1829-ல் பதவி போச்சு. சரபோஜி மன்னர்தான் அரசவையில் இடம் கொடுத்து ஆதரிச்சார். இதுவரைக்கும் கேட்டா நாம அவர் பக்கம்தான் நிற்போம். அதே புகார்ப் பட்டியலில் இன்னொண்ணும் இருந்தது. எல்லாச் சாதிக்காரங்களையும் கோயிலில் கலந்து உட்கார வைக்கிறாங்க என்பது. அதையும் அவர் கொடுமைன்னுதான் எழுதினார். கீர்த்தனை என்ற சொல்லுக்குள்ள தமிழ்ப் பெருமையும் இருந்தது, சாதிப் பெருமையும் இருந்தது. ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைச்சா கதை பாதிதான்.

1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியார் பாட்டுகளையும் சேர்த்து ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். எது வேண்டாம் என்று ஒருகாலத்தில் ஒதுக்கினாங்களோ, அது மிஷன் புத்தகத்துக்குள்ளயே வந்துடுச்சு.

சாஸ்திரியாரோட மயூரம் வேதநாயகம் பிள்ளையைக் குழப்பிக்காதீங்க. பரீட்சையில் எத்தனை பேருக்கு மார்க் போயிருக்கும்! இவர் 1826-ல் பிறந்த கத்தோலிக்கர், மாயவரத்தில் முன்சீஃப், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர். மாதாவுக்கு எழுதினப்போ 'தேவமாதா அந்தாதி' என்று அடையாளத்தை வெளிப்படையாவே போட்டார். எல்லாருக்கும் எழுதினப்போ வச்ச பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'. எந்த மதக்காரரும் பாடலாம் என்ற அழைப்பு தலைப்பிலேயே இருக்கு. ஒரே ஆள், ரெண்டு லேபிள்.

2018-ஐ இந்தப் பின்னணியில் பார்த்தாத்தான் புரியும். அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம், கர்னாடக இசைப் பாடகர் ஓ.எஸ்.அருண் சென்னையில் 'இயேசுவின் சங்கம சங்கீதம்' என்ற கச்சேரி பண்றதா அறிவிப்பு வந்தது. சமூக வலைதளங்களில் கொந்தளிப்பு. தியாகராஜர் கீர்த்தனைகளில் சாமி பெயரை மாத்திப் பாடுறாங்க என்ற புகார், மிரட்டல். அவர் கச்சேரியிலிருந்து விலகினார். கிறிஸ்தவப் பாட்டு பாடியிருந்த நித்யஸ்ரீ மகாதேவனும் அருணா சாய்ராமும் திட்டு வாங்கினாங்க. பதிலுக்கு டி.எம்.கிருஷ்ணா, இயேசு அல்லது அல்லா மேல மாசம் ஒரு கர்னாடகப் பாட்டு வெளியிடுவேன் என்று அறிவிச்சார்.

இதில் ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிச்சு. ஒருத்தர் எழுதின சாகித்யத்தில் சாமி பெயரை மட்டும் மாத்தினா, எழுதினவர் கோபப்பட நியாயம் இருக்கு. எந்த மதமா இருந்தாலும் அப்படித்தான். ஆனா சொந்தமா எழுதின பாட்டை சங்கராபரணத்திலோ ஆனந்த பைரவியிலோ பாடினா அது யாரோட சொத்து? தஞ்சாவூர்லயே, தியாகராஜர் காலத்துலயே கிறிஸ்தவக் கீர்த்தனை இருந்திருக்கு. 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்தான். இன்னொரு பக்கம், கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதுகிட்ட யாரும் மதம் கேட்கலை.

இந்த மொத்தச் சண்டையையும் வெளியே நின்னு பார்த்து, "கர்னாடகமே யாருக்குங்க வேணும்?" என்ற மாதிரி வந்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர், சி.எஸ்.ஐ போதகர், தலித் கிறிஸ்தவர். 2005-ல் காலமானார். அவர் தனக்கு வச்சுக்கிட்ட பெயர் 'பறட்டை'. எண்ணெய் வைக்காத, சீவாத தலைமுடி. கவிராயர் எங்கே, பறட்டை எங்கே! கீர்த்தனை மேல்சாதி ருசிக்கு எழுதினது, கிராமத்துல பாதிப் பேருக்கு அதோட சமஸ்கிருதச் சொல்லே புரியாது என்பது அவர் வாதம். முழு ஆராதனையையே கிராமிய மெட்டில் அமைச்சார். சாவு மேளம் என்று ஒதுக்கிவச்ச பறையைக் கோயிலுக்குள்ள கொண்டுவந்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அப்பாவா அம்மாவா என்று பிரிக்காத சொல் அது, வீட்டில் பேசுற சொல்லும்கூட. எல்லாரும் கொண்டுவர்றதை ஒரே உலையில் போட்டுச் சமைச்சு, சேர்ந்து சாப்பிடுறதும் அவருக்கு வழிபாடுதான்.

சாதி பழைய கதைன்னு நினைச்சா, அப்போ நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் இறந்தாங்க. அதனால பறைக்கு இடம் கேட்கிறது வெறும் பீட் விஷயம் கிடையாது. இயேசு தன் சீடர்களை உப்புன்னு சொன்னதா பைபிள் சொல்லுது. நிறையப் பாட்டில் அது அழகான உவமையா வரும். மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நின்னு, கால் வெடிச்சு உப்பு வாருறவங்க அதே வார்த்தையைப் பாடினா அர்த்தமே வேற.

சரி, இனி உங்க காதுக்கு ஒரு விளையாட்டு. லேபிளே இல்லாம ஒரு பாட்டு ஓடினாலும், அது எந்தச் சபைப் பாட்டுன்னு வார்த்தையை வச்சே ஓரளவு சொல்லிடலாம். 'கர்த்தர்', 'ஜெபம்', 'பரிசுத்த ஆவி' வந்தா பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் அல்லது பெந்தெகொஸ்தே. 'ஆண்டவர்', 'செபம்', 'தூய ஆவி', 'திருப்பலி' வந்தா கத்தோலிக்கம். கடவுளுக்கான சொல்லே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 'பராபரன்' வந்தா பதினெட்டாம் நூற்றாண்டு ஃபப்ரீசியஸ் மொழிபெயர்ப்பின் வாசனை. 'தேவன்' பத்தொன்பதாம் நூற்றாண்டு பைபிள் வழியா நிலைச்சது. 'கடவுள்' 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் சொல். வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போய், தேம்பாவணியில் சூசையப்பருக்கு 'வளன்' என்றே பெயர் வச்சார். நம்ம ஊர்ல இன்னைக்கும் அந்தப் பெயரில் ஆள் இருக்காங்க.

இப்போ உங்க ஃபோனுக்கு வருவோம். 'வர்ஷிப்' என்ற லேபிள் பெந்தெகொஸ்தே சபைகள் வழியா பரவினது. அங்கே மைக் பிடிக்கிறவர் பாடகர் இல்லை, 'வர்ஷிப் லீடர்'. கேட்கிறவங்க ஆடியன்ஸ் இல்லை, அவங்களும் பாடணும். அதனாலதான் வரிகள் சின்னதா, திரும்பத் திரும்ப வரும். இலக்கியமா பார்த்தா சலிப்பா இருக்கலாம். புத்தகம் இல்லாம, முதல் தடவை வந்தவரும் சேர்ந்து பாடணும் என்றால் வேற வழி இல்லை. ஃபாதர் பெர்க்மான்ஸோட 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' கேசட் காலத்திலேயே இதைச் செஞ்சு காட்டின வரிசை. படப் பெயர் மாதிரி தலைப்பு மாறாது, வால்யூம் எண் மட்டும் ஏறும். கத்தோலிக்கக் குருவா இருந்து வெளியே வந்த பிறகும் 'ஃபாதர்' அவர் பெயரோட ஒட்டிக்கிச்சு. அதுவும் ஒரு லேபிள்தான்.

'காஸ்பல்' மட்டும் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய சொல். அமெரிக்கக் கறுப்பின மக்களோட கோயில்களில் பிறந்த தனி இசை அது. 1930-களில் சிகாகோவில் தாமஸ் டோர்சி, ப்ளூஸ் வாசிச்சிக்கிட்டிருந்த கையால அதை வளர்த்தார். பாருக்குப் போற இசை கோயிலுக்குள்ள எதுக்குன்னு அவரையும் கேட்டாங்க. நம்ம ஊர்ல இயேசு பெயர் வந்தாலே 'காஸ்பல்' என்று டேக் போடுறது, எல்லா நூடுல்ஸையும் மேகின்னு சொல்ற மாதிரி.

ஆப்களில் எனக்குப் பெரிய குறையாத் தெரியறது வேற. பழைய கீர்த்தனை ஒண்ணைப் புது பீட் போட்டு அப்லோட் பண்றாங்க. மிக்ஸிங், மாஸ்டரிங், ட்ரோன் ஷாட் எடுத்தவர் வரைக்கும் டிஸ்கிரிப்ஷனில் பெயர் இருக்கு. பாட்டு எழுதினவர் இடத்தில் 'ட்ரெடிஷனல்'. அடுத்த தடவை அந்தச் சொல்லைப் பார்த்தா, கடைசிச் சரணம் வரைக்கும் ஸ்கிப் பண்ணாம கேளுங்க. முத்திரை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கவர் வெர்ஷன்களில் பெரும்பாலும் வெட்டப்படுறதும் அந்தச் சரணம்தான்.