தொலைபேசி இணைப்பு எத்தனை வேண்டும்?
வளரும் நிறுவனங்களுக்கு ஓர் எளிய கணக்கு

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதற்காகத் தொழிற்கூடங்களுக்குச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், ரசீது ஆகிய அனைத்திலும் உரிமையாளரின் சொந்தக் கைபேசி எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். அவர் எங்களுடன் உரையாடும் அரை மணி நேரத்திற்குள் அது பலமுறை ஒலிக்கும். பாதி அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. எடுக்கப்படாத அழைப்பு எந்தப் பேரேட்டிலும் நட்டமாகப் பதிவாவதில்லை. ஆகவே, கைநழுவிய வணிகத்தின் அளவை அவரும் அறிவதில்லை.

நிறுவனம் சற்று வளர்ந்ததும் நிலைமை மறுகோடிக்குச் சென்றுவிடுவதும் உண்டு. பணியாளர் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, தேவைக்கு மிஞ்சிய இபிஏபிஎக்ஸ் சாதனத்தை வாங்க முற்படுகின்றனர். இவ்விரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே: தேவையை அளந்து பார்க்காமை.

நெரிசல் நேரமே அளவுகோல்

டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு இன்றும் துணை செய்கிறது. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாளின் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் 20 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது. மொத்தப் பேச்சு 60 நிமிடம். ஓர் இணைப்பே போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்பவர்கள் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக அழைப்பதில்லை.

இணைப்பு கிடைக்காதவர் மீண்டும் முயலாமல் வேறு கடையை நாடுகிறார் என்று கொண்டால், ஓர் இணைப்பு மட்டும் இருக்கையில் இரண்டில் ஓர் அழைப்பு தவறிவிடும். 2 இணைப்புகள் இருந்தால் ஐந்தில் ஒன்றும், 3 இருந்தால் பதினாறில் ஒன்றும் தவறும். 4 இணைப்புகள் இருந்தால் 65-க்கு ஒன்றே தவறும்.

வணிகம் இருமடங்காகி, அதே ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள் வருமானால் 8 இணைப்புகள் தேவையா? இல்லை. 6 இணைப்புகளே போதும். தவறுபவை 80-க்கு ஒன்று என்ற அளவில் அடங்கிவிடும். அழைப்புகள் பெருகும் வேகத்தில் இணைப்புகளைப் பெருக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒலிக்கும் தொலைபேசியை எடுக்க ஆளில்லையெனில் இணைப்புகளால் பயனில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எந்த அமைப்பு பொருந்தும்?

ஒரே கட்டடத்தில் இயங்கி, அறைக்கு அறை பேச வேண்டிய தேவை மிகுந்த நிறுவனத்திற்குச் சிறிய இபிஏபிஎக்ஸ் ஏற்றது. முதலில் செலவு உண்டு, உள்ளழைப்புகளுக்குக் கட்டணமில்லை. பிஆர்ஐ இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். 6 இணைப்புகள் போதுமான நிறுவனத்திற்கு அது வீண் செலவு.

பணியாளர்கள் பல ஊர்களில் இருப்பின், மாத வாடகையில் கிடைக்கும் கிளவுட் தொலைபேசிச் சேவை பொருந்தும். ஆள் கூடினால் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். ஆனால் அலுவலகத்தில் இணையமோ மின்சாரமோ நின்றால் மேசைத் தொலைபேசியும் நின்றுவிடும். அத்தகைய வேளையில் அழைப்புகள் கைபேசிக்குத் திருப்பப்படுமா என்பதையும், சேவை வழங்குபவர் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்றவரா என்பதையும் ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்டறிதல் நன்று. 1800 எனத் தொடங்கும் டோல் ஃப்ரீ எண்ணை நாடுவோர், உள்வரும் அழைப்புகளின் கட்டணம் தம்மையே சேரும் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

எண் யாருடையது?

விற்பனைப் பணியாளரின் சொந்த எண்ணையே வாடிக்கையாளர்கள் அறிந்திருந்தால், அவர் விலகும் நாளில் அவர்களும் அவருடன் செல்லக்கூடும். எண் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். கட்டணப் பட்டியலில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இடம்பெற்றால், செலுத்தும் 18 சதவீத வரிக்கு, விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரி வரவு பெறவும் வழியுண்டு.

வங்கியாளர்களாக நாங்கள் வலியுறுத்துவது மற்றொன்று. வங்கிக் கணக்குடன் இணைத்த எண்ணும் விற்பனைக்குரிய எண்ணும் ஒன்றாக இருத்தல் கூடாது. ஓடிபி வந்து சேரும் கைபேசியை, அழைப்புகளை ஏற்பதற்காகப் பணியாளரிடம் ஒப்படைப்பது பெட்டகச் சாவியை ஒப்படைப்பதற்கு நிகர்.

செலவிற்கு வழி

சாதனத்தை விலைக்கு வாங்குவது மூலதனச் செலவு. அதனை நடைமுறை மூலதனத்திற்கான கேஷ் கிரெடிட் வரம்பிலிருந்து எடுத்தால், கச்சாப்பொருள் வாங்கும் வேளையில் கை இறுகும். சொந்த நிதியோ தவணைக் கடனோ அதற்குரிய வழி. மாத வாடகையை அன்றாட வருவாயிலிருந்தே செலுத்தலாம்.

விற்பனையாளரை அழைப்பதற்கு முன், ஒரு வாரம் குறிப்பேடு ஒன்றை மேசைமேல் வையுங்கள். எந்த மணியில் எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை நிமிடம் நீடித்தன, எத்தனை தவறின என்று குறித்து வாருங்கள். தவறியவற்றைக் கைபேசியே பட்டியலிட்டுக் காட்டும். கடன் தேவைப்பட்டு எங்கள் கிளைக்கு வரும்போது அக்குறிப்பேட்டையும் உடன் கொண்டு வாருங்கள்; விலைப்புள்ளியைக் காட்டிலும் அதுவே உங்கள் தேவையைத் தெளிவாக எடுத்துரைக்கும்.