மண்ணுள் துயிலும் வரலாறு

நூல்களில் எழுதப்பெற்ற வரலாற்றினும் மண்ணுள் புதைந்துள்ள வரலாறு நெடியது. எழுத்து பரவுவதற்கு முன் வாழ்ந்த மக்களைப் பற்றிய செய்திகள் பல, அவர்கள் இறந்தோரைப் புதைத்த ஈமக்காடுகளிலிருந்தே கிடைத்துள்ளன.

ஈமச்சின்னங்களின் வகைகள்

இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மட்கலம் முதுமக்கள் தாழி எனப்படும். பலகைக் கற்களை நிலத்தின்மேல் அறைபோல் நிறுத்தி மூடுகல் இட்டால் அது கற்திட்டை; அவ்வறை நிலத்தினுள் அமைந்தால் கற்பதுக்கை. புதைகுழியைச் சூழ வட்டமாகக் கற்களை நட்டது கல்வட்டம். கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமுண்டாகுமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவரை வேண்டும் காட்சி புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது.

ஆதிச்சநல்லூர்

தூத்துக்குடி மாவட்டத்தில் பொருநையாற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பு, ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடைய ஈமக்காடாகும். 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் இங்கு அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் ஆகியவற்றுடன் நெல், தினை உமிகளையும் கண்டார். 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய ஆய்வில், தாழிகள் அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது.

இடம் கூறும் செய்தி

மேலடுக்கினும் கீழடுக்கு முந்தையது. எனவே, ஒரு பொருள் எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பதே அதன் காலத்தை அறிவதற்கு அடிப்படையாகும். புதையலை நாடித் தோண்டுவோர் கலத்தை மட்டும் உடைப்பதில்லை. அது கூறவிருந்த செய்தியையும் அழித்துவிடுகின்றனர். மீண்டும் அடுக்கிவைத்தாலும் அச்செய்தி மீளாது. ஆதிச்சநல்லூரில் 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில், தாழிகளைக் கிடைத்த இடத்திலேயே வைத்துக் கண்ணாடியின் வழியே காட்டுவதன் நோக்கமும் இதுவே.

சட்டமும் கடமையும்

தேசியப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடங்களை 1958ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் இசைவு வேண்டும். மாநில அரசு அறிவிக்கும் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.

ஆயினும், அறிவிக்கப்படாத ஈமக்காடுகள் பல. கல்லுடைப்போரின் உளிக்கும் மண்ணள்ளும் இயந்திரத்துக்கும் இரையாவன பெரும்பாலும் அவையே. ஏருக்குத் தடையெனக் கல்வட்டத்தைப் பெயர்க்கும் உழவர், அதன் பெருமையை அறிந்து அழிப்பவர் அல்லர். அவருக்கு அதனை எடுத்துரைப்பார் இல்லை என்பதே குறை.

உங்கள் ஊரில் ‘பாண்டவர் வீடு’ என வழங்கும் கற்குவியல் கற்திட்டையாக இருக்கலாம். அதனைத் தோண்டாதீர்கள்; கல்லையும் ஓட்டையும் எடுத்துச் செல்லாதீர்கள். இருக்குமிடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அறிந்தவர் சொன்னால்தான் அறியாதவர் காப்பர்.